பழைய நாற்காலியும் புதிய கடனும்



திண்டுக்கல் பேகம்பூரிலும், வத்தலக்குண்டு முதல் வேடசந்தூர் வரையுள்ள ஊர்களிலும், நம் இல்லங்களில் ஒரு திருமணம் நிச்சயமானால் முதலில் வீட்டைவிட்டு வெளியேறுவது பழைய நாற்காலியே. சம்பந்தி வீட்டார் வந்து அமரும் கூடத்தில் அது கிடக்கலாகாது என்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. நன்னா காலத்துத் தேக்கு நாற்காலி, இருக்கையின் பிரம்பு கிழிந்துவிட்ட ஒரே குற்றத்திற்காகப் பழைய சாமான் வாங்குபவரின் வண்டியில் ஏறுகிறது. அதே வாரத்தில் மாதத் தவணையில் எடுத்த சோபா ஒன்று அவ்விடத்தில் வந்து அமர்கிறது. பிரம்பு பின்னுவதற்கு மனமில்லாத குடும்பம் 24 மாதங்களுக்கு வட்டி கட்ட மனம் ஒப்புகிறது.

இதனை வெறும் ரசனை மாற்றம் என்று கடந்து போக நாம் விரும்பவில்லை. கையிலுள்ள பொருளைச் செப்பனிட்டுப் பயன்படுத்த வழியிருக்கும்போது, வட்டிக்குக் கடன்பட்டோ பெண்ணைப் பெற்றவரை நெருக்கியோ புதிய இருக்கை வாங்குவது மார்க்கத்திற்கு முரணானது என்பதே நம் நிலை. நாற்காலி சிறிய பொருள்தான். ஆனால் அது வெளியேறும் வாசல் வழியாக வீட்டிற்குள் நுழைபவை சிறியவை அல்ல.

எறியப்படுவது எது?

1950 முதல் 1970 வரையிலான ஆண்டுகளில் நம் பகுதி இல்லங்களுக்கு வந்த நாற்காலிகளில் இன்றும் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் மூன்று வகையினவே. தேக்குச் சட்டத்தில் பிரம்பு பின்னிய கைவைத்த நாற்காலி ஒன்று. துணியோ பிரம்போ பூட்டிய சாய்வு நாற்காலி மற்றொன்று. வளைத்த இரும்புக் குழாயில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி மூன்றாவது. இம்மூன்றிற்கும் பொதுவான ஒரு பண்பு உண்டு. பழுதாகும் பாகம் தனியே கழன்று, தனியே மாற்றத்தக்கதாக அவை அமைக்கப்பட்டிருக்கின்றன.

தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. கரையான் அதனை எளிதில் அணுகாது. அந்நாளைய தச்சர்கள் கழுந்தைத் துளையில் இறுக்கி, மூங்கில் ஆணி அடித்து மூட்டுகளைப் பூட்டினார்கள். பல நாற்காலிகளில் விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய வச்சிரத்தைப் பசையாக இட்டார்கள். வச்சிரம் வெந்நீர் பட்டால் இளகும். எனவே அறுபது ஆண்டுகள் கழிந்தும் மரத்தை உடைக்காமல் மூட்டைப் பிரித்துத் துப்புரவாக்கி, மீண்டும் பூட்டிவிடலாம். பின்னால் வரும் தச்சனுக்கும் வேலை எளிதாகும்படி அமைந்த பொருள் அது.

மாறாக, இன்று தவணையில் வரும் மலிவான சோபாக்கள் பலவற்றின் உள்ளே இருப்பது மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகை. தண்ணீர் பட்டால் அது உப்பும். ஒருமுறை திருகாணி கழன்ற இடத்தில் மறுமுறை திருகாணி பிடிக்காது. மேலிருக்கும் நுரைப்பஞ்சு சில ஆண்டுகளில் அமுங்கிவிடும். தவணை முடியும் காலமும் சோபா தளரும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அதன் பிறகு வரும் திருமணத்திற்கு மீண்டும் ஒரு கடன்.

பழையதை எறிவதில் நாம் மட்டுமே விரைந்தவர்கள் அல்லர். 1950களில் சண்டிகர் நகரம் எழுந்தபோது, அதனைத் திட்டமிட்ட லெ கார்பூசியேயின் உறவினரான பியர் ஜான்னரே, அரசு அலுவலகங்களுக்காகத் தேக்கிலும் பிரம்பிலும் எளிய நாற்காலிகளை வடிவமைத்தார். காலப்போக்கில் பழைய தட்டுமுட்டு என்று கருதப்பட்டு அவை மொட்டைமாடிகளிலும் கிடங்குகளிலும் குவிந்தன. கழிவுப் பொருளாக ஏலம் போயின. அவற்றை வாங்கிய வெளிநாட்டு வணிகர்கள் செப்பனிட்டு, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல இலட்சம் ரூபாய்க்கு ஏலம் விட்டார்கள். 2011ஆம் ஆண்டில்தான் இந்திய உள்துறை அமைச்சகம் விழித்துக்கொண்டு அவற்றின் விற்பனைக்கும் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது. நம் வீட்டு நாற்காலியும் இலட்சங்களுக்கு விலைபோகும் என்று கூற இதனைச் சொல்லவில்லை. அது போகாது. பிரம்பு கிழிந்தமையால் ஒரு நாற்காலி குப்பையாகிவிடுவதில்லை. பார்ப்பவர் கண்ணே அதனைக் குப்பையாக்குகிறது என்பதற்கு இது சான்று.

நம் ஊர்ப் பூட்டின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. கையால் அராவிச் செய்யப்படும் திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே மகிழ்ந்தது. அம்மகிழ்ச்சி கடைக்குச் சென்று பூட்டு வாங்கும் நேரம்வரை நீடிக்கவில்லை. அலிகாரிலிருந்து வரும் எந்திரப் பூட்டின் விலைக்கு முன் அது தோற்றது. கைத்தொழிலைப் போற்றிப் பேசுவதும், கைத்தொழிலாளிக்கு வேலை கொடாதிருப்பதும் ஒரே மனிதரிடம் ஒருங்கே குடியிருக்கின்றன.

தவணையின் கணக்கு

நாற்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள சோபா ஒன்றை ஒரு குடும்பம் தவணையில் எடுப்பதாகக் கொள்வோம். காலம் 24 மாதம். ஆண்டுக்கு 14 விழுக்காடு ‘பிளாட்’ வட்டி. வட்டி மட்டும் 11,200 ரூபாய் ஆகிறது. கட்ட வேண்டிய மொத்தம் 51,200 ரூபாய். மாதந்தோறும் ஏறத்தாழ 2,133 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வருகிறது. வட்டியோ இறுதிவரை முழு அசலுக்கும் கணக்கிடப்படுகிறது. எனவே 14 என்று காதில் விழும் வட்டி, உண்மையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு. ஒயரும் பிரம்பும் வாங்கிப் பின்னத் தயங்கியவர் செலுத்தும் விலை இது.

‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தைக் காட்டி வாதிடுவோர் உண்டு. 2013 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், பூஜ்ய வட்டி என்ற ஒன்று இல்லவே இல்லை என்றும், அவ்வட்டி செயலாக்கக் கட்டணம் போன்ற வேறு பெயர்களில் மறைத்து வாடிக்கையாளரிடம் வாங்கப்படுகிறது என்றும் சுட்டிக்காட்டியது. மார்க்கம் அறியாத ஒரு நிதி அமைப்பே கண்டுகொண்ட மறைப்பை, திருமறை ஓதும் நாம் காணாதிருக்கலாமா?

தவணை வணிகம் முழுவதுமே விலக்கப்பட்டது என்று நாம் கூறவில்லை. விலையும் தவணைக் காலமும் முதலிலேயே முடிவாகி, தாமதத்திற்குக் கூடுதல் தொகை கேட்காத விற்பனையை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் அனுமதித்துள்ளனர். அவ்வாறு விற்கும் வணிகர் எவரேனும் இருப்பின் அவருக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆனால் கடைத்தெருவில் பெரிதும் நடப்பது வேறு. பொருளைக் கடைக்காரர் தருகிறார்; பணத்தை நிதி நிறுவனம் கடனாகத் தருகிறது; அக்கடனுக்கு வட்டியும், தாமதித்தால் அபராதமும் சேர்கின்றன. வட்டியைக் கைவிடாதோர் அல்லாஹ்வுடனும் அவன் தூதருடனும் போருக்கு நிற்கிறார்கள் என்னும் பொருள்பட சூரத்துல் பகரா எச்சரிப்பதை நாம் அறிவோம். சம்பந்தி வீட்டார் ஒரு மாலை நேரம் அமர்ந்து தேநீர் அருந்திச் செல்வதற்காகவா அப்போரை விலைக்கு வாங்குவது?

கடனின் கனத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய விதமும் நினைவுக்குரியது. கடன்பட்டு மரணித்த ஒருவருக்கு ஜனாஸாத் தொழுகை நடத்த அவர்கள் முன்வரவில்லை; அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே தொழுகை நடத்தினார்கள். அக்கடன் வந்த காரணம் ஆடம்பரமாக இருந்ததாகச் செய்தி இல்லை. அதற்கே அந்நிலை என்றால், பிறர் பார்வைக்காக வாங்கிய கடனின் நிலை என்ன?

சீர் என்னும் சுமை

தன் வருமானத்தில் கடன் வாங்குபவன் தன் தலையிலேனும் சுமக்கிறான். இதைவிடக் கொடியது, அச்சுமையைப் பெண்ணைப் பெற்றவர் தலையில் ஏற்றுவது. கட்டில், பீரோ, மெத்தை என்று தொடங்கிய சீர்ப்பட்டியலில் இன்று சோபாவும் சாப்பாட்டு மேசையும் இடம்பிடித்துவிட்டன. “நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, உங்கள் பெண்ணுக்குத்தானே செய்கிறீர்கள்” என்ற ஒரே வாக்கியத்தில் கேட்பதும் மறுப்பதும் ஒன்றாக நடந்துவிடுகின்றன. தோல் ஷாப்பில் கூலி வேலை செய்யும் தந்தையும், சிறு கடை நடத்தும் தந்தையும் அவ்வாக்கியத்தின் உட்பொருளை நன்கு அறிவர்.

மணமகளுக்கு அவளுரிய மஹரை மனமுவந்து கொடுங்கள் என்பதே சூரத்துன் நிஸா ஆண்களுக்கு இட்ட கட்டளை. கொடுக்கும் கை ஆணுடையது. அதனைத் திருப்பிவிட்டு, பெண் வீட்டார் கை கொடுக்கவும் ஆண் வீட்டார் கை வாங்கவும் பழகிவிட்ட சமுதாயம் நம்முடையது. நாட்டின் சட்டம்கூட இந்த வேறுபாட்டை அறிந்திருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் வரதட்சணையைக் குற்றமாக்கியபோது, முஸ்லிம்களின் மஹரை அவ்வரையறையிலிருந்து விலக்கியே வைத்தது. சட்டம் இயற்றியோர் பிரித்தறிந்ததை நம் குடும்பப் பெரியோர் பிரித்தறிய மறுக்கிறார்கள்.

வீட்டுச் சாமான்களைப் பற்றி நேரடியாகவே நபிமொழி உண்டு. ஆணுக்கு ஒரு விரிப்பு, அவன் மனைவிக்கு ஒன்று, விருந்தினருக்கு மூன்றாவது, நான்காவது ஷைத்தானுக்கு உரியது என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. அந்நபிமொழி விருந்தினருக்கான விரிப்பை மறுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விருந்தோம்பலுக்கு அதில் இடமுண்டு, காட்சிக்கு இடமில்லை. யாரும் அமராத சோபாவைப் பிளாஸ்டிக் உறையுடனேயே வைத்திருந்து, வீட்டார் தரையில் அமர்ந்து உண்ணும் இல்லங்களில் அந்தச் சோபா நான்காம் விரிப்பேயன்றி வேறென்ன?

செருப்பைத் தைத்த கரங்கள்

வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, தம் ஆடையைத் தாமே தைப்பார்கள், தம் செருப்பைத் தாமே செப்பனிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். தாடியையும் தலைப்பாகையையும் சுன்னத் என்று பேணும் நாம், கிழிந்ததைத் தைப்பதை ஏன் வறுமையின் அடையாளமாகக் கருதினோம்? அரபுலகின் தலைவர் அவர்கள். புதுச் செருப்பைக் காணிக்கையாகத் தரக் காத்திருந்தோர் எண்ணற்றோர். இருந்தும் ஊசியும் நூலும் அக்கரங்களில் இருந்தன.

தோல் பதனிடும் தொழிலால் வளர்ந்த நம் ஊருக்கு இன்னொரு செய்தி மிகவும் நெருக்கமானது. அன்னை மைமூனா (ரலி) அவர்களின் வீட்டைச் சார்ந்த ஒருவருக்குத் தருமமாகக் கிடைத்த ஆடு ஒன்று செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அதன் தோலை நீங்கள் பயன்படுத்தியிருக்கலாகாதா என்று கேட்டார்கள். அது செத்த பிராணியாயிற்றே என்றனர் அங்கிருந்தோர். அதனை உண்பதுதான் விலக்கப்பட்டது என்று விளக்கினார்கள் நபியவர்கள். உயிர்போன ஆட்டின் தோலைக்கூட எறிய மனம் ஒப்பாத மார்க்கம் இது. ஆவாரம் பட்டையில் தோலை ஊறவைத்துப் பதனிட்டு வாழ்ந்த முன்னோரின் பேரர்கள், வைரம் பாய்ந்த தேக்கைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள்.

வீண்விரயம் செய்வோர் ஷைத்தான்களின் உடன்பிறப்புகள் என்று சூரத்துல் இஸ்ரா கூறுவதை நாம் சோற்றோடும் தண்ணீரோடும் நிறுத்திக்கொள்கிறோம். பல்லாண்டுகள் மழையும் வெயிலும் உண்டு வளர்ந்த மரத்தை வீசுவது விரயத்தில் சேராதா?

குறைந்த செலவில் செப்பனிடும் முறை

அறிவுரை கூறுவோர் வழியும் கூறவேண்டும். ஆகவே கையில் காசு குறைந்த குடும்பம் எவ்வாறு தொடங்கலாம் என்பதைச் சொல்கிறோம்.

முதலில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் மறைவான ஓரிடத்தைச் சுரண்டினால் தேக்கின் நிறமும் மணமும் தெரியும். துளைகளிலிருந்து புதிதாக மாவு கொட்டினால் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது. மருந்து இட்டு அதனை அழித்த பிறகே மற்ற வேலை. மரத்தின் வெளிறுப் பகுதியில் மட்டும் அரிப்பு இருந்தால் அத்துண்டை மாற்றிவிடலாம். கால்கள் முழுதும் கூடாகிவிட்டால் அந்த நாற்காலியை விட்டுவிடுவதே அறிவு. அதன் நல்ல கட்டைகள் இன்னொன்றிற்கு உதவும்.

செலவுக்கு ஒரு வரிசை உண்டு. ஆட்டம் நிற்பது முதலாவது, இருக்கை இரண்டாவது, பளபளப்பு கடைசி. இவ்வரிசையை மாற்றி, ஆடும் நாற்காலிக்குப் பாலிஷ் போடுவோரே பணத்தை இழக்கிறார்கள். ஆடும் மூட்டில் இரும்பு ஆணி அடிக்கக் கூடாது. அது துருப்பிடித்து மரத்தையும் பிளக்கும். மூட்டைப் பிரித்து, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையிட்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு நாள் விட வேண்டும். இதற்குத் தேவை ஒரு சிறு டப்பா மரப்பசையும் பொறுமையும்தான். கழுந்து ஒடிந்திருந்தால் மட்டும் தச்சரை அழைக்கலாம்.

பிரம்பு கிழியாமல் தொய்ந்து மட்டும் இருந்தால், நாற்காலியைக் கவிழ்த்து அடிப்புறத்தில் வெந்நீரில் நனைத்த துணியை இட்டு நன்கு ஈரமாக்கிக் காயவிடுங்கள். உலரும்போது பிரம்பு தானே இறுகும். இதற்கு ஒரு காசும் ஆகாது. கிழிந்திருந்தால் புதிதாகப் பின்னத்தான் வேண்டும். அசல் பிரம்புக்குப் பணம் போதாதவர்கள் ஒயர் பின்னிக்கொள்ளலாம். அல்லது பருத்தி நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின்னலாம். இரும்புக் குழாய் நாற்காலி என்றால் துருவை உப்புத்தாளால் நீக்கி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணம் அடித்து ஒயர் மாற்றினால் போதும்.

பழைய வண்ணம் பூசிய நாற்காலியில் ஓர் எச்சரிக்கை. அக்காலத்து வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்கு என்று கட்டுப்படுத்தும் விதி 2016இல் வெளியாகி, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. எனவே பழைய வண்ணத்தை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூள் பறக்கவிடாதீர்கள். நீர் தொட்டுத் தேய்த்து, கழிவைத் துணியில் ஒற்றி அகற்றுங்கள். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்விடத்தில் இருக்க வேண்டாம்.

பாலிஷ் பற்றி ஒரு சொல். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பூசுவது தச்சர்களின் வழக்கம். ஸ்பிரிட் குறித்து ஐயம் உடையோர் தம் ஊர் ஆலிமிடம் தெளிவு பெறட்டும்; அல்லது ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடைத்துவிடட்டும். தேக்கிற்கு அதுவும் அழகே. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. விரித்துக் காயவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும்.

ஒரே நேரத்தில் எல்லா நாற்காலிகளையும் எடுக்க வேண்டாம். இம்மாதம் ஒன்று, மிச்சம் பிடித்து அடுத்த மாதம் ஒன்று. கடனின்றி ஆறு மாதத்தில் ஒரு கூடம் நிறையும்.

பின்னும் கைகள்

பிரம்பும் ஒயரும் பின்னுவது நம் நாட்டில் நெடுங்காலமாகப் பார்வையற்றோர் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டு வந்த தொழில். அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னுவதற்கென்றே அவர்களைப் பணியில் அமர்த்தியதும் உண்டு. விரல் நுனியால் துளையை எண்ணி, இழையின் இறுக்கத்தை உணர்ந்து பின்னும் அவர்களின் வேலை கண்ணுடையோர் வேலைக்குச் சற்றும் தாழ்ந்ததன்று. வார்ப்புப் பிளாஸ்டிக் நாற்காலியும் சோபாவும் பெருகப் பெருக, அவர்களைத் தேடி வரும் நாற்காலிகள் அருகின.

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டு ‘அபஸ’ என்னும் 80ஆம் அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டதை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர். குறைஷித் தலைவர்களைவிட, தேடி வந்த பார்வையற்றவர் முக்கியமானவர் என்பது அதன் படிப்பினை. பின்னாளில் அவர் பள்ளியின் முஅத்தினாகவும், நபியவர்கள் வெளியூர் சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பாளராகவும் விளங்கினார். பார்வையற்றோருக்கு ரமளானில் சில்லறை கொடுத்துவிட்டு, ஆண்டு முழுவதும் அவர் கைக்கு வேலை கொடாதிருப்பது அந்த அத்தியாயத்தை ஓதுவோருக்கு அழகன்று. தருமத்தைவிடக் கூலி மேலானது. அதில் அவர் தலை நிமிர்ந்து நிற்கிறார். வேலை முடிந்தவுடன், வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு வந்த நபிமொழியும் தச்சருக்கும் பின்னுபவருக்கும் பொருந்தும். குறைந்த செலவு என்று நாம் கூறுவது பொருளில் சிக்கனம் செய்வதையே; கூலியைக் குறைக்கச் சொல்லவில்லை.

சில ஆட்சேபங்கள்

“பழைய நாற்காலியைப் போட்டால் எங்களைக் கஞ்சன் என்பார்கள்” என்பது முதல் ஆட்சேபம். சொல்லட்டும். கஞ்சத்தனத்திற்கும் ஊதாரித்தனத்திற்கும் இடைப்பட்ட வழியையே சூரத்துல் புர்கான் இறைவனின் அடியார்களுக்குரிய பண்பாகச் சொல்கிறது. உறுதியான, துப்புரவான இருக்கையில் விருந்தினரை அமர்த்தி வயிறார உணவளிப்பவனைக் கஞ்சன் என்பவரின் அளவுகோல் நமக்கு எதற்கு?

“செப்பனிடும் செலவில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கலாமே” என்பது இரண்டாவது. சில வேளைகளில் அது உண்மைதான். ஆனால் வெயிலில் வெளுத்து, கால் பிளந்த பிளாஸ்டிக் நாற்காலியை எந்தத் தச்சரும் பூட்டித் தர முடியாது. ஒருமுறை செலவையும் பலமுறை செலவையும் ஒப்பிடுவதே நேர்மையான கணக்கு.

“எனக்கு அல்லாஹ் வசதி தந்திருக்கிறான், ரொக்கத்தில் ஹலாலாக வாங்குகிறேன், உமக்கென்ன?” என்பது மூன்றாவது. இவரோடு நமக்கு வழக்கில்லை. அல்லாஹ் அடியார்களுக்கு அளித்த அழகை ஹராமாக்கியது யார் என்று திருமறையே கேட்கிறது. அவரிடம் நாம் வேண்டுவது ஒன்றுதான்: உங்கள் கூடத்தில் கிடப்பதே தெருவிற்கு அளவாகிவிடுகிறது, எதிர்வீட்டு ஏழைத் தந்தை அதைப் பார்த்தே தன் மகளின் சீரைக் கணக்கிடுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மறுபுறத்தில் இன்னொரு கூட்டம் உண்டு. பழமையைப் புது மோஸ்தராகக் கொண்டாடுவோர். வறிய குடும்பத்திடம் விறகு விலைக்கு நாற்காலியை வாங்கி, ‘விண்டேஜ்’ என்று பெயரிட்டுப் பன்மடங்கு விற்போரும் அதில் அடக்கம். உழைப்பிற்கு ஆதாயம் எடுப்பது வணிகம்; விற்பவரின் அறியாமையையே முதலாக்குவது வஞ்சனை. அவ்வாறே, “எங்கள் பாட்டனார் பர்மாவிலிருந்து கொண்டுவந்த தேக்கு” என்று பெருமை பேசுவதற்காக நாற்காலியைப் பாதுகாப்பதும் நம் நோக்கமன்று. 1997ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ புதினத்தில் வரும் முஸ்தபாகண்ணுவை நினைவுகூர்வோர் இதனை எளிதில் உணர்வர். முன்னோர் பெருமையில் சாய்ந்தபடியே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாக விற்று உண்டவர் அவர். நாற்காலியைக் காப்பது அதில் சோம்பிச் சாய்வதற்காக அல்ல.

ஜமாஅத்துகளுக்கு

ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் வழங்கும் பேகம்பூரில், அக்காலத்துப் பள்ளிவாசலின் காரை உதிர்ந்தால் பூசுகிறோம். வண்ணம் மங்கினால் அடிக்கிறோம். பழையது என்று எவரும் அதனை எறியச் சொல்வதில்லை. பள்ளிக்கு உரிய அந்த நீதியை வீட்டிற்கும் நீட்டுமாறு மஹல்லா நிர்வாகிகளை வேண்டுகிறோம்.

நிக்காஹ் பதிவிற்கு வரும் இரு வீட்டாரிடமும் பணமும் நகையும் கேட்கப்பட்டனவா என்று விசாரிப்பதோடு நில்லாமல், கட்டிலும் சோபாவும் கேட்கப்பட்டனவா என்றும் விசாரியுங்கள். பைத்துல்மால் நடத்தும் ஜமாஅத்துகள், வீட்டுப் பொருளைச் செப்பனிடுவதற்கும் சிறு அழகிய கடன் வழங்கலாம். திருப்பிச் செலுத்த எளிதான தொகை அது. ஆண்டுக்கு இருமுறை மதரஸா முற்றத்தில் ஒரு தச்சரையும் ஒரு பின்னுபவரையும் அமர்த்தி, மஹல்லாவின் நாற்காலிகளைக் கொண்டுவரச் சொல்லலாம். பள்ளியில் முதியோர் அமர்ந்து தொழும் நாற்காலிகளிலிருந்தே அதனைத் தொடங்கலாம். விடுமுறையில் இருக்கும் இளைஞர்கள் அருகிருந்து உப்புத்தாள் தேய்க்கட்டும். ஒரு தொழிலின் அருமை அவர்கள் கையில் ஏறும்.

குடும்பத் தலைவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கூடத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பல வீடுகளில் முடிவுசெய்பவர் நீங்களே. மகனுக்குப் பெண் பார்க்கச் செல்லும்போது, அவ்வீட்டின் நாற்காலி பழையதா என்று பார்க்காதீர்கள். அது துடைக்கப்பட்டிருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளதைப் பேணத் தெரிந்த குடும்பத்தில் வளர்ந்த பெண் உங்கள் இல்லத்தையும் பேணுவாள். உங்கள் மகளைப் பார்க்க வருவோரையும் அதே நாற்காலியில் அமர்த்துங்கள். அதைக் கண்டு முகம் சுளித்து எழுந்து போகிறவர்கள், திருமணத்திற்கு முன்பே எழுந்து போவது உங்கள் மகளுக்கு நலம்.

நம் இல்லங்களை வட்டியிலிருந்தும், நம் திருமணங்களைக் கேட்டு வாங்கும் இழிவிலிருந்தும் அல்லாஹ் காப்பானாக. கையிலுள்ள நிஃமத்தைப் பேணி நன்றி செலுத்தும் அடியார்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்குவானாக. ஆமீன்.